பின்வராண்டா, ஆறடிக்கு மூன்றரை

மோதி பாக்,
புது தில்லி
4-1-1983

பூனைப் பகுதிப் பொறுப்பாளர் அம்மையாருக்கு அநேக நமஸ்காரம்.

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் ராஜலக்ஷ்மி. என் கணவர் ராமமூர்த்தி மத்திய சர்க்காரில் அண்டர் செக்ரட்டரி. உங்கள் காப்பகத்தில் பூனைகளைப் பார்த்துக்கொள்பவர் தமிழ்க்காரர் என்று அடுத்த வீட்டு அனந்தலக்ஷ்மி விசாரித்துச் சொன்னாள். கேட்டதும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இங்கிலீஷில் பாதி எழுதியிருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தமிழில் ஆரம்பித்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். நவம்பர் கடைசியில் சர்க்கார் தரும் எல்.டி.சி. பயணச் சலுகை எடுத்துக்கொண்டு நாங்கள் ஊர்ப்பக்கம் போனோம். கோயில், குளம், கல்யாணம் என்று நாற்பது நாள் ஆகிவிட்டது. எங்கள் பூனை கோமளியைப் பின்வராண்டாவில் விட்டுவிட்டு, வேளாவேளைக்குப் பால் வைக்கும்படி அனந்தலக்ஷ்மியிடம் சொல்லியிருந்தேன். திரும்பி வந்தால் பூனை இல்லை. இரண்டாம் மாடியிலிருந்து குதித்துவிட்டதாம். காலை இழுத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஷெட்டில் கிடந்ததை யாரோ ஒரு சர்தார்ஜி தன் ஆட்டோவில் எடுத்துப் போய் உங்களிடம் சேர்த்தாராம். அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

வெள்ளைப் பூனை. இடது காது மட்டும் மஞ்சள். ஏழு வயது. எங்கள் பையன் சேஷு பம்பாய்க்கு வேலைக்குப் போனபிறகு வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை அதுதான். அது இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை. ரயிலில் வழுக்கி விழுந்ததில் எனக்கு முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. கரோல் பாக் தாண்டி ரிட்ஜ் காட்டு ஓரம்வரை இரண்டு பஸ் மாறி வர என்னால் ஆகாது. நீங்கள் தயவு செய்து அது உயிரோடு இருக்கிறதா என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். பெற்ற பிள்ளையைப் பிரிந்தவள் மாதிரி தவிக்கிறேன். நீங்களும் ஒரு பெண், உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பை நாடும்
ராஜலக்ஷ்மி ராமமூர்த்தி

*

பிராணிகள் காப்பகம்,
பூனைப் பகுதி
7-1-1983

ராஜலக்ஷ்மி அம்மா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பூனை உயிரோடு இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் சாப்பிட வேண்டுமல்லவா.

டிசம்பர் 19-ம் தேதி மதியம் வந்தது. பின்னங்கால் ஒன்றில் எலும்பு விரிசல். உடம்பு எலும்பும் தோலுமாக இருந்தது. காது நுனி குளிரில் வெடித்திருந்தது. டாக்டரம்மா கட்டுப் போட்டார்கள். புதிதாக வரும் பூனை எதுவானாலும் பதினான்கு நாள் தனிக்கூண்டில் வைப்பது இங்கே வழக்கம். மற்றவற்றுக்கு நோய் ஒட்டக் கூடாது என்பது ஒரு காரணம். வந்த உயிருக்குத் தான் எங்கே வந்திருக்கிறோம் என்று புரிய நாள் கொடுக்க வேண்டும் என்பது இன்னொன்று.

கூண்டு என்றதும் பயப்பட வேண்டாம். பழைய தேயிலைப் பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு, ஓட்டை சுவரைப் பார்க்கும்படி உள்ளே வைத்திருக்கிறோம். கோமளி மூன்று நாள் அதிலிருந்து வெளியே வரவே இல்லை. யாரும் கையை விட்டு இழுக்கவில்லை. இங்கே யாரையும் இழுப்பதில்லை. ஒளிந்துகொள்ள ஓர் இடமும், ஏறி உட்கார்ந்து எல்லோரையும் மேலிருந்து பார்க்க ஒரு பலகையும் கொடுத்துவிட்டால் பூனைக்குப் பாதி பயம் போய்விடும். சாப்பாட்டுக் கிண்ணம் ஒரு கோடியில், மணல் தட்டு மறு கோடியில். கழிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டை வைத்தால் எந்த உயிருக்கும் வாய்க்குள் போகாது. நாய்கள் கட்டடத்தின் அந்தப் பக்கம் இருக்கின்றன. குரைப்பு லேசாகத்தான் கேட்கும். சாக்குத்துணி உறை போட்ட வெந்நீர் பாட்டில் தினமும் சாயங்காலம் வைக்கிறோம். விரித்திருக்கும் துணியை முழுவதும் ஒரே நாளில் துவைக்க மாட்டோம். தன் வாசனை கொஞ்சமாவது மிச்சம் இருந்தால்தான் அது தன் இடம் என்று தோன்றும்.

நாலாம் நாள் காலை பெட்டியை விட்டு வெளியே வந்து என் கையை மோந்து பார்த்தது. பிறகு மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. டாக்டரம்மாவுக்கு ஆச்சரியம். எனக்கு இல்லை. உள்ளங்கை அளவுக் குட்டியாக வந்ததிலிருந்து அதற்குத் திரி போட்டுப் பால் கொடுத்தவள் நான்தான். 1973 முதல் 1979 வரை ஆறு வருஷம் உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த வடிவு.

நீங்களும் ஒரு பெண் என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷமாக இருந்தது.

இப்படிக்கு,
வடிவு
பூனைப் பகுதிப் பொறுப்பாளர்

*

மோதி பாக்
10-1-1983

வடிவுக்கு ஆசீர்வாதம்.

நீயா அது? உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மாமாவிடம் சொன்னால் நம்பவில்லை. எங்கேயோ நல்லபடியாக இருக்கிறாயே, அதுவே போதும். நம் வீட்டில் இருந்தவர்கள் யாரும் கெட்டுப்போனதில்லை. யாரிடம் சொல்லி எழுதி வாங்குகிறாய்? கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

இனி எனக்குக் கவலை இல்லை. கோமளி நம் மனுஷி கையில்தான் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மூடிபோட்ட கூடையில் வைத்து நீயே எடுத்து வந்துவிடு. வெயில் ஏறுவதற்குள் வந்தால் ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போகலாம். உனக்கென்று என் பழைய ஸ்வெட்டர் ஒன்றும் எடுத்து வைத்திருக்கிறேன். முழங்கை கொஞ்சம் பிரிந்திருக்கிறது, நீ தைத்துக்கொள்வாய்.

இந்தத் தடவை ஊரிலிருந்து பொன்னம்மாள் என்று ஒருத்தியை அழைத்து வந்திருக்கிறேன். நாற்பது வயது, கைம்பெண், வாயில்லாப் பூச்சி. ஆனால் உன் கைவேகம் வராது. குளிர் குளிர் என்று நாள் முழுக்க நடுங்கிக்கொண்டே இருக்கிறாள். தில்லிக்கு வந்துவிட்டுக் குளிர் என்றால் என்ன செய்வது சொல்.

உன் பெண்ணுக்கு இப்போது என்ன வயது இருக்கும்? பெயர் மறந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மறக்காதே.

ராஜலக்ஷ்மி

*

பூனைப் பகுதி
14-1-1983

அம்மா அவர்களுக்கு வடிவு எழுதுவது.

பொங்கலும் அதுவுமாக உங்களுக்கு எழுதுகிறேன். இங்கே பூனைகளும் நானும் சுகம்.

கையெழுத்து என்னுடையதுதான். ஆத்தூர்ப் பக்கம் எட்டாவது வரை படித்தவள் நான். உங்கள் வீட்டுக்கு வரும் வாரப் பத்திரிகைகளை நீங்கள் கோயிலுக்குப் போன நேரத்தில் ஒன்று விடாமல் படித்திருக்கிறேன். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கூடையில் வைத்து எடுத்து வரச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படிக் கொடுக்க இங்கே விதி இல்லை. வழி தவறி வந்த பூனையை உடையவர் வந்து கேட்டால் கையோடு கொடுத்துவிடுவோம். பட்டினியாகவோ அடிபட்டோ வந்ததை அப்படிக் கொடுப்பதில்லை. அது எங்கே படுத்தது, எங்கே சாப்பிட்டது, எதனால் ஓடியது என்று பொறுப்பாளர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்து ஒரு படிவத்தில் தகுந்த இடம், அல்லது தகாத இடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தகாத இடம் என்றால் சரி செய்த பிறகு மறுபடி ஒருமுறை பார்ப்போம். பொறுப்பாளர் நான்தான். 23-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறேன்.

நான் இங்கே எப்படி வந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். 79-ம் வருஷம் குழந்தைக்கு அம்மை என்று ஊருக்குப் போனேன். பத்து நாள் கூடுதலாகத் தங்கிவிட்டுத் திரும்பி வந்தால் என் டிரங்குப் பெட்டியும் பாயும் உங்கள் வீட்டு மாடிப்படியில் இருந்தன. உள்ளே வேறு ஒருத்தி தரை துடைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். இங்கே நாய்ப் பட்டியைக் கழுவ ஆள் எடுத்தார்கள். அப்போதெல்லாம் பூனைக் கூண்டுகள் நாய்களுக்கு நேர் எதிரே இருந்தன. வாரத்துக்கு மூன்று நாலு செத்துக்கொண்டிருந்தன. என்ன மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. நான் யாரையும் கேட்காமல் இரண்டு கூண்டில் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்துச் சாக்கால் மூடினேன். அந்த இரண்டும் பிழைத்தன. டாக்டரம்மா "தும்கோ யே கிஸ்னே சிகாயா?", இதை உனக்கு யார் சொல்லித்தந்தது, என்று கேட்டார்கள். ஒளிய இடமில்லாத உயிருக்கு என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உங்கள் பின்வராண்டாவில் ஆறு வருஷம் படித்த பாடம்.

என் மகள் பெயர் ஆராயி. வயது ஏழு முடிந்துவிட்டது. இங்கே எனக்கு ஓர் அறை கொடுத்த பிறகு, போன நவம்பரில் ஊரிலிருந்து கூட்டி வந்திருக்கிறேன். மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறது. என்னை அம்மா என்று கூப்பிடுவதில்லை. ஊரில் என் தாயார் என்னைக் கூப்பிடுவது போலவே "வடிவு" என்கிறாள். ஏழு மாதக் குழந்தையாக அனுப்பியதை இப்போது போய்க் கேட்டால் எப்படிக் கிடைக்கும். புதுப் பூனையிடம் இருப்பது போல அவளிடமும் இருக்கிறேன். கிட்டே போவதில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன்.

ஸ்வெட்டர் வேண்டாம் அம்மா. பொன்னம்மாளுக்குக் கொடுங்கள்.

வடிவு

*

மோதி பாக்
18-1-1983

வடிவு,

உன் கடிதம் கிடைத்தது. நன்றாக எழுதுகிறாய். இவ்வளவு மனதில் வைத்துக்கொண்டா ஆறு வருஷம் என் கையால் சாப்பிட்டாய்?

என் பூனையை எனக்குக் கொடுக்க நீ யார்? என் வீட்டுக்கு வந்து அளந்து பார்க்க நீ யார்? எந்த வீட்டில் தட்டு கழுவினாயோ அந்த வீட்டுக்குப் பென்சிலும் காகிதமுமாக வந்து நிற்க உனக்குக் கூச்சமாக இருக்காதா? மாமா உங்கள் டாக்டருக்கு ஆபீஸ் லெட்டர்ஹெட்டில் எழுதியிருக்கிறார். நகல் இன்னும் மேலே போகும். அதற்குள் நீயாகவே பூனையைக் கொண்டு வந்து விட்டால் இந்த விஷயத்தை இத்தோடு விட்டுவிடுகிறேன். உனக்கும் பெண் குழந்தை இருக்கிறது, பார்த்து நடந்துகொள்.

ராஜலக்ஷ்மி

*

பூனைப் பகுதி
24-1-1983

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

நேற்று நீங்கள் கொடுத்த காபிக்கு நன்றி. கண்ணாடி டம்ளரில் கொடுத்தீர்கள். முன்பு எனக்கென்று ஜன்னல் மேல் கவிழ்த்து வைத்திருந்த அலுமினிய டம்ளர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, பார்த்தேன்.

மாமாவின் கடிதத்துக்கு டாக்டரம்மா இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டார்கள். பூனை விஷயத்தில் பொறுப்பாளர் முடிவுதான் முடிவு என்று. ஆகவே நேற்றைய பார்வையின் விவரத்தை விதிப்படி உங்களுக்கு எழுதுகிறேன். படிவத்தின் கேள்விகள் இந்தியில் இருக்கின்றன. தமிழில் தருகிறேன்.

பூனை படுத்த இடம் எது? இரண்டாம் மாடிப் பின்வராண்டா. அளவு ஆறடிக்கு மூன்றரை. டேப் இல்லாமலே எனக்குத் தெரியும். நீட்டிப் படுத்தால் என் கால் வாளியில் இடிக்கும். இருந்தாலும் விதி என்பதால் அளந்தேன்.

காற்றும் மழையும் தடுக்கப்பட்டிருக்கின்றனவா? மூங்கில் தட்டித் திரை, சிக், ஒன்று தொங்குகிறது. வடக்குப் பக்கம் கீழே ஒரு முழம் கிழிந்திருக்கிறது. 76-ல் நான் சணல் கயிற்றால் தைத்த இடம் அது. கயிறு இருக்கிறது, சிக்தான் இல்லை. டாக்டரம்மா கொடுத்தனுப்பிய தெர்மாமீட்டரைக் கால்மணி நேரம் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஐந்து டிகிரி. வெயில் வந்த பிறகு எடுத்த அளவு இது.

உணவுக்கும் கழிவிடத்துக்கும் உள்ள தூரம்? கக்கூஸ் கதவு வராண்டாவில்தான் திறக்கிறது. பால் கிண்ணம் அதன் வாசலில் இருந்தது. ஒன்றரை அடி. என் தட்டும் அங்கேதான் இருக்கும்.

ஒளிந்துகொள்ள இடம் உண்டா? இல்லை. எதிர் பிளாக்கில் எட்டு ஜன்னல்கள். சேலை மாற்றுவதானால்கூடக் கக்கூஸுக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். பூனைக்குச் சேலை இல்லை, அந்த மட்டில் அதற்குத் தொந்தரவு இல்லை.

பூனை வெளியே குதிக்கக் காரணம்? இந்த இடத்தில் நான், "மேற்கண்ட எல்லாம்" என்று எழுதினேன்.

வராண்டாவின் மூலையில், வாளிக்குப் பின்னால் ஒரு பாயும் பழைய ரஜாய்ப் போர்வையும் சுருட்டி வைத்திருந்தது. அது யாருடையது என்று படிவம் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

முடிவு: பூனை வைத்துக்கொள்ளத் தகாத இடம்.

அம்மா, இன்னும் ஒன்று. உங்கள் ஸ்டோர் ரூமின் கதவு திறந்திருந்தது. அதைப் பார்த்ததும் டேப்பைச் சுருட்டுவதைப் பாதியில் நிறுத்தினேன். உங்கள் மூட்டு வலிக்கு மருந்து பேரைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். 75 டிசம்பரில் ஆராயி பிறந்து இருபது நாள் ஆனபோது அந்த அறையை இரண்டு மாதத்துக்கு மட்டும் கேட்டேன். "அரிசி மூட்டை இருக்குடி, எலி வரும், குழந்தையைக் கடிச்சுடும், உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றீர்கள். வாளியை வெளியே வைத்துவிட்டு, குழந்தையை வயிற்றோடு ஒட்டிக் கட்டிக்கொண்டு அந்தக் குளிர்காலத்தைத் தள்ளினேன். அடுத்த குளிருக்குத் தாங்காது என்றுதான் ஊரில் விட்டேன். இரண்டு வருஷம் கழித்து, 78 ஜனவரியில் கோமளி குட்டி போட்டது. அதே அரிசி மூட்டைகளை நான்தான் வெளியே தூக்கி வைத்தேன். மாமாவின் கம்பளிக் கோட்டை நான்தான் விரித்தேன். நீங்கள் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, "சத்தம் போடாதே வடிவு, பிள்ளை பெத்தவ தூங்கறா" என்றீர்கள்.

பூனைமேல் எனக்குக் கோபம் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. உங்கள்மேல் இருக்கிறது. அது குறையவும் இல்லை.

வராண்டாவைச் சரி செய்துவிட்டு எழுதுங்கள். வந்து பார்க்கிறேன்.

வடிவு

*

மோதி பாக்
21-2-1983

அன்புள்ள வடிவம்மாவுக்கு,

இந்த நாலு வாரமாகக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். முதலில் கோபம். பிறகு உங்களை எதிர்த்து யாரிடம் போகலாம் என்று யோசனை. பிறகு ஒருநாள் மத்தியானம் ஸ்டோர் ரூமில் பருப்பு எடுக்கப் போனேன். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் எழுதிய எல்லாம் நடந்ததுதான். நான் அதை மறந்தே போயிருந்தேன். நீங்கள் இவ்வளவு வருஷம் சுமந்ததை நான் சாயங்காலத்துக்குள் மறந்திருக்கிறேன், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மன்னிக்கும்படி கேட்கிறேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

மாமா பேச்சு குறைவு, உங்களுக்குத் தெரியும். சேஷு இரண்டு மாதமாக ஒரு கார்டு போடவில்லை. சாயங்காலமானால் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டு நான் ஒருத்தி. கோமளி இருந்தால் அது பாட்டுக்கு வந்து காலடியில் உட்காரும். அதற்கு ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன். இப்போது சமையலறையில் எனக்கு நானே பேசிக்கொள்கிறேன் என்று அனந்தலக்ஷ்மி சிரிக்கிறாள்.

வராண்டாவை நீங்கள் எழுதிய ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் சரி செய்திருக்கிறேன். சர்க்கார் கட்டட வேலை பார்க்கும் சி.பி.டபிள்யு.டி. ஆட்களை மாமா ஆபீஸிலிருந்து பிடித்து, சிக்கைக் கழற்றிவிட்டுப் பலகைத் தடுப்பும் கண்ணாடி ஜன்னலும் போட்டாயிற்று. கக்கூஸ் வாசலை அடைத்து நடைப்பக்கமாக மாற்றிவிட்டோம். தரையில் தேங்காய்நார் விரிப்பு. சுவரில் இரண்டு பலகை, ஒன்று உயரம், ஒன்று தாழ்வு. தேயிலைப் பெட்டி பஹாட்கஞ்சில் கிடைத்தது. சிறிய ஹீட்டர் ஒன்றும் வாங்கி, கம்பி வலை போட்டு வைத்திருக்கிறது. உள்ளே போய் நின்றால் வெளியே வர மனசு வரவில்லை. நீங்கள் வந்து பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

27-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? ஆராயியையும் அழைத்து வாருங்கள். பெயர் இனி மறக்காது.

உங்கள்,
ராஜலக்ஷ்மி

*

பூனைப் பகுதி
2-3-1983

திருமதி ராஜலக்ஷ்மி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று அதை மூன்று தடவை படித்தேன். அழுதேன் என்றும் சொல்லிக்கொள்ளலாம். யாராவது ஒருத்தர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் முன்பே படிவத்தில் "தகுந்த இடம்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். கோமளியைக் கூடையில் வைத்து மூடி எடுத்து வந்தேன். விதிப்படி இடத்தைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். முதல் தடவையாக விதியை மீறினேன்.

வராண்டாவைப் பார்த்தேன். நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. கண்ணாடி வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. விரிப்பில் செருப்பில்லாமல் நின்றபோது காலுக்கு இதமாகச் சூடு ஏறியது. காப்பகத்தில்கூட இவ்வளவு நல்ல இடம் ஒரு பூனைக்கும் இல்லை. நீங்கள் சின்னப் பெண் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு நிஜம்தான், அதை நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு நீங்கள் காபி கலக்க உள்ளே போனீர்கள். பொன்னம்மாளக்கா தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். நான் சும்மாத்தான் கேட்டேன், அவளுக்கும் அந்த வெயிலில் பங்கு கிடைத்திருக்கும் என்ற சந்தோஷத்தில்.

"ராத்திரி இப்ப குளிர் தெரியாதே அக்கா?"

"நான் எங்க இங்க படுக்கறேன்," என்றாள். "ரூமு பூனைக்குன்னு அம்மா சொல்லிட்டாங்க. பெரிய ஆபீசரு வந்து பாப்பாங்களாம், மனுச வாசன வந்தா பூனைக்கு ஆவாதாம். நான் மாடிப்படித் திருப்பத்துல படுத்துக்கறேன். காத்துதான் கொஞ்சம்."

அந்தப் பெரிய ஆபீசர் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது.

மாடிப்படித் திருப்பத்துக்குப் போய்ப் பார்த்தேன். பாய், அதே ரஜாய், உங்கள் முழங்கை பிரிந்த ஸ்வெட்டர். 79-ல் என் டிரங்குப் பெட்டியை எந்தப் படியில் வைத்திருந்தீர்களோ அதற்கு இரண்டு படி மேலே. கோமளி இருந்த கூடையை அங்கேயே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நீங்கள் கெட்டவர் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கெட்டவர்கூட இல்லை. நான் எழுதிய எல்லாவற்றையும் வரிவரியாகப் படித்து, வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டு, ஹீட்டர் வாங்கி, பலகை அடித்து, கடைசியில் வேலைக்காரியை எடுத்து வெளியே வைத்திருக்கிறீர்கள். அதில் தப்பு இருப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. இதைப் படிக்கும் இந்த நிமிஷம்கூட, படிவத்தில் அப்படிக் கேள்வி இல்லையே என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள்.

அதனால்தான் காபிக்கு நிற்காமல் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

போவதற்கு முன் பொன்னம்மாளக்காவிடம் இரண்டு வார்த்தை பேசினேன். குட்டிப் பூனைகள் பகுதிக்கு இங்கே ஓர் ஆள் வேண்டும். அறை உண்டு. என் அறைக்கு அடுத்தது, செங்கல் சுவர், கதவுக்கு உள்தாழ்ப்பாள். நேற்றுக் காலை நீங்கள் மலை மந்திர் கோயிலுக்குப் போயிருந்தபோது தன் துணி மூட்டையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். சொல்லாமல் போனாள் என்று அனந்தலக்ஷ்மி அம்மாளிடம் சொல்லாதீர்கள். வேறு வேலை கிடைத்திருக்கிறது என்று திங்கட்கிழமை உங்களிடம் சொன்னாளாம். "மாசம் பொறக்கட்டும், பார்த்துக்கலாம் போ" என்றீர்களாம். மாசம் பிறந்துவிட்டது.

இனி கோமளி. முன்பு எழுதிய படிவத்தைக் கிழித்துவிட்டேன். புதிதாக ஒன்று எழுதி டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். இடம் தகுந்தது, வீடு தகாதது என்று எழுதியிருக்கிறேன். டாக்டரம்மா படித்துவிட்டு, நிஜமான காரணம் என்ன என்று கேட்டார்கள். பூனையை இங்கிருந்து கொடுத்துவிட்டால் அந்த வீட்டில் அடுத்து வருகிற பெண்ணும் படியில்தான் படுப்பாள் என்றேன். வேறு காரணம் இருக்கிறதா என்றார்கள். இருக்கிறது, அந்த அம்மாள் சாயங்காலம் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், ஆராயியை நான் நினைத்து ஏங்கிய மாதிரி ஒரு நாளாவது கோமளியை நினைத்து ஏங்க வேண்டும் என்றேன். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார்கள்.

எனக்குச் சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம். மறைக்கவில்லை. நேற்று வயிறாரச் சாப்பிட்டேன்.

கோமளிக்குக் கால் கூடிவிட்டது. இனி அது கூண்டில் இல்லை. பெரிய பூனைகளுக்கான கம்பி வலை அறையில், உயரப் பலகையில் வெயில் காய்கிறது. பகலில் பொன்னம்மாளக்கா பார்த்துக்கொள்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆராயி அதன் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். பூனையோடு நிறையப் பேசுகிறாள், என்னோடு இன்னும் கொஞ்சம்தான். அதற்கு இன்னும் எத்தனை வருஷம் ஆகும் என்று தெரியவில்லை.

பார்க்க வர வேண்டாம். வாசலில் சொல்லி வைத்திருக்கிறேன். கடிதமும் வேண்டாம். வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

உங்கள் வராண்டா வீணாகிறதே என்று வருத்தப்படாதீர்கள். ஆறடிக்கு மூன்றரை, ஒருவர் படுக்கத் தாராளம். முழங்கால் வீக்கத்துக்கு ஹீட்டர் சூடு நல்லது. நீங்களே அங்கே படுத்துக்கொள்ளுங்கள்.

வடிவு